வேலையை எழுதிக் கொடுத்துவிட வேண்டாம்
கல்லூரி, பல்கலைக்கழகப் பணியில் இருக்கும்போது உடற்குறை ஏற்பட்டவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை மருந்து, உணவு, அடுத்த பரிசோதனைத் தேதி ஆகியவற்றைப் பற்றியவை. அவை எல்லாம் முடிந்த பிறகு, நோயாளிக்குக் கேட்காத தொலைவில் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "இனி இவரால் வேலைக்குப் போக முடியுமா, டாக்டர்? இல்லை, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?"

திருவண்ணாமலையிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அரசுக் கல்லூரி, உதவி பெறும் கல்லூரி, பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பணிபுரியும் குடும்பங்கள் பல. பேராசிரியர், ஆய்வக உதவியாளர், நூலகர், அலுவலக எழுத்தர், காவலர், துப்புரவுப் பணியாளர் என அவர்களின் பணிகள் வேறுவேறு. பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தபோதும், விபத்தில் முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டபோதும், நீரிழிவால் பார்வை குறைந்தபோதும் அவர்கள் அனைவரின் மனத்திலும் எழும் அச்சம் ஒன்றே. அந்த அச்சத்தில் எடுக்கப்படும் அவசர முடிவு, நோய் பறித்ததைவிட அதிகமானதைப் பறித்துவிடக்கூடும். எனவே இந்த இதழில் மருந்தைப் பற்றியன்றி, வேலைக்குத் திரும்புவதைப் பற்றி எழுதுகிறோம்.

அவசரத்தில் எழுதப்பட்ட ஒரு கடிதம்

பஞ்சாப் மாநில மின்வாரியத்தில் கம்பியாளர் நிலையில் பணிபுரிந்த பகவான் தாஸ் என்பவர், பணிக்காலத்தில் 1994-ஆம் ஆண்டு பார்வையை முற்றிலும் இழந்தார். மின்கம்பம் ஏறும் பணியைப் பார்வையின்றிச் செய்ய இயலாது. எனவே 1996-இல், தம்மைப் பணியிலிருந்து ஓய்வுபெற அனுமதிக்குமாறும், தம் மனைவிக்கு ஒரு வேலை அளிக்குமாறும் கேட்டு அவர் கடிதம் எழுதினார். வாரியம் அவரை ஓய்வில் அனுப்பியது. மனைவிக்கு வேலை கிடைக்கவில்லை. பணிக்காலத்தில் உடற்குறை ஏற்பட்டவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்ற சட்டம் அப்போதே நடைமுறையில் இருந்தது. அதை அவர் அறியவில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2008-இல் தீர்ப்பு வந்தது. தம் உரிமை இன்னதென்று அறியாத ஒருவர், துயரத்தின் நடுவில் எழுதிய கடிதத்தைக் காட்டி அவரை வெளியேற்றியது தவறு என்று நீதிமன்றம் கூறியது. சட்டத்தை அறிந்திருந்த அதிகாரிகள் அதை அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும் என்றும் கண்டித்தது. அவர் பணியில் தொடர்ந்ததாகவே கொண்டு பயன்களை வழங்க உத்தரவிட்டது. நீதி கிடைத்தது, ஆனால் அதற்குள் பத்து ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன.

இந்த வழக்கை நாங்கள் அடிக்கடி நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. நோயுற்ற முதல் 3 மாதங்களில் ஒருவர் எழுதும் விலகல் கடிதம், அவர் உடல்நிலையைக் காட்டுவதைவிட அவர் மனநிலையையே காட்டுகிறது. பக்கவாதத்திற்குப் பிந்தைய முன்னேற்றத்தில் பெரும்பகுதி முதல் 3 முதல் 6 மாதங்களில் நிகழ்கிறது. அதன் பிறகும் மெல்ல முன்னேற்றம் தொடர்வதுண்டு. தண்டுவடப் பாதிப்பு உள்ளவர் சக்கர நாற்காலியில் தம் அன்றாடப் பணிகளைத் தாமே செய்யப் பயிற்சி பெறப் பல மாதங்கள் ஆகும். உடலின் கணக்கு முடியும் முன்பே வேலையின் கணக்கை முடித்துவிடக் கூடாது. அந்த இடைவெளிக்கென்றே மருத்துவ விடுப்பு இருக்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது உள்ளது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். இது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. கை கால் இயக்கக் குறைபாடு, பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு ஆகியவற்றுடன் மனநோய், பார்க்கின்சன் நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், தசைச்சிதைவு, ஹீமோஃபிலியா, தலசீமியா முதலியனவும் அப்பட்டியலில் அடங்கும். பக்கவாதத்தின் பின்விளைவாக நிற்கும் கை கால் தளர்ச்சி, இயக்கக் குறைபாடாக மதிப்பிடப்படுகிறது.

இச்சட்டத்தின் 20-ஆம் பிரிவே வேலை தொடர்பான பிரிவு. அதன் சாரத்தை எளிய சொற்களில் தருகிறோம்.

முதலாவது, அரசு நிறுவனம் எதுவும் வேலை தொடர்பான எந்த விஷயத்திலும் மாற்றுத்திறனாளிகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது. அரசு தனி அறிவிக்கை வாயிலாக விலக்கு அளித்த நிறுவனங்கள் மட்டுமே இதற்கு விதிவிலக்கு. 'அரசு நிறுவனம்' என்னும் சொல் இங்கே விரிந்த பொருள் உடையது. அரசுத் துறைகளுடன், சட்டத்தின் வழி அமைந்த பல்கலைக்கழகங்களும் அரசின் உதவி பெறும் கல்லூரிகளும் அதில் அடங்கும்.

இரண்டாவது, பணியாளருக்குத் தேவையான 'நியாயமான வசதி ஏற்பாட்டை' நிறுவனம் செய்துதர வேண்டும். நிறுவனத்தின் மேல் அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாமல், ஒருவர் பிறரைப் போலவே பணியாற்றுவதற்குத் தேவைப்படும் மாற்றமே இந்த ஏற்பாடு. அதை மறுப்பதும் பாகுபாடே என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது.

மூன்றாவது, பணிக்காலத்தில் உடற்குறை ஏற்பட்டவரை வேலையிலிருந்து நீக்கவோ, பதவி இறக்கவோ கூடாது. அவர் வகித்த பணி அவருக்குப் பொருந்தாவிட்டால், அதே ஊதிய விகிதத்துடனும் அதே பணிப்பயன்களுடனும் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அத்தகைய பணியிடம் இல்லையெனில், எண்ணிக்கைக்கு மேற்பட்ட பணியிடம் ஒன்றில் அவரை வைத்திருக்கலாம். பொருத்தமான இடம் கிடைக்கும் வரையோ, ஓய்வு வயது வரையோ, எது முன்னதோ அதுவரை அவர் அதில் தொடரலாம். உடற்குறையை மட்டும் காரணம் காட்டிப் பதவி உயர்வை மறுக்கவும் கூடாது.

40 விழுக்காடு என்னும் அளவைப் பற்றிய குழப்பம் பலரிடம் உண்டு. இடஒதுக்கீட்டிற்கும் பல நலத்திட்டங்களுக்கும் 40 விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடு தேவை. வசதி ஏற்பாட்டிற்கு அந்த எல்லை இல்லை. எழுதும்போது கை இறுகிப்போகும் பாதிப்புடைய விகாஷ் குமார் என்னும் தேர்வர், எழுத உதவியாளர் வேண்டி மத்தியப் பணியாளர் தேர்வாணையத்திற்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 2021-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. ஒருவருக்கு என்ன தேவை என்பதை அவரவர் நிலையைக் கண்டே முடிவு செய்ய வேண்டும் என்பதும் அத்தீர்ப்பின் முக்கியமான கருத்து.

முழுவதும் தனியார் நிதியில் இயங்கும் கல்லூரிகளுக்கு 20-ஆம் பிரிவு இதே வலிமையுடன் பொருந்துவதில்லை. ஆயினும் ஒவ்வொரு நிறுவனமும் 'சம வாய்ப்புக் கொள்கை' ஒன்றை வெளியிட வேண்டும் என்று 21-ஆம் பிரிவு கூறுகிறது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் கொண்ட தனியார் நிறுவனம், தான் அளிக்கும் வசதிகளை அக்கொள்கையில் குறிப்பிட வேண்டும். உங்கள் கல்லூரியில் அந்த ஆவணத்தைக் கேட்டுப் பெறுங்கள்.

வேலூரில் ஓர் ஆசிரியர்

சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, நம் ஊருக்கு அண்மையில் உள்ள வேலூரில் இதற்கு ஒரு முன்மாதிரி உருவானது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மேரி வர்கீஸ் என்னும் இளம் மருத்துவர், 1954-ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்த சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். ஒரு மருத்துவரின் வாழ்க்கை அத்துடன் முடிந்தது என்றே அக்காலத்தில் பலரும் கருதியிருப்பர்.

அதே கல்லூரியில் தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த டாக்டர் பால் பிராண்டு, வேறொரு கோணத்தில் சிந்தித்தார். கை அறுவை சிகிச்சையை மருத்துவர்கள் வழக்கமாகவே உட்கார்ந்துதான் செய்வார்கள். அப்படியானால், சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அதைச் செய்வதற்கு என்ன தடை? மேரி வர்கீஸ் அப்பயிற்சியைப் பெற்றார். நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்டு ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986-இல் அவர் மறைந்தார். அந்த நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருடைய மனவுறுதியை எல்லோரும் போற்றுகிறோம். ஆனால் நோயாளிகளும் நிறுவனங்களும் கற்க வேண்டிய பாடம் அது மட்டுமன்று. மனவுறுதி மட்டுமே இருந்து, அவருக்கு ஏற்ற பணியைக் கல்லூரி தேடித் தராமல் போயிருந்தால் இந்த வரலாறு நிகழ்ந்திராது. அவருடைய திறமையையும் பணியின் தன்மையையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்தார்கள். எந்தப் பணியில் கால்களின் தேவை குறைவு என்று தேடினார்கள். வசதி ஏற்பாடு என்பதன் உள்ளடக்கம் இதுவே.

கல்லூரி வளாகத்தில் எவையெல்லாம் சாத்தியம்?

'வசதி' என்றவுடன் பெருஞ்செலவு ஆகும் என்று எண்ணுவோர் பலர். எங்கள் நோயாளிகளுக்குத் தேவைப்படுவனவற்றில் பாதிக்கு மேல், ஒரு தாளும் பேனாவும் கொண்டு கால அட்டவணையைத் திருத்தினாலே நிறைவேறிவிடும்.

நடப்பதில் சிரமம் உடையவர்க்கு முதல் தேவை, வகுப்பும் இருக்கையும் தரைத்தளத்தில் அமைவது. அடுத்தடுத்த வகுப்புகள் ஒரே கட்டடத்தில் அமைவது அடுத்த தேவை. சாய்தளம் கட்டும்போது 1-க்கு 12 என்னும் விகிதம் காக்கப்பட வேண்டும். அதாவது 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படிக்கு 180 சென்டிமீட்டர் நீளம் தேவை. பல இடங்களில் இதைவிடச் செங்குத்தாகக் கட்டிவிட்டுச் சாய்தளம் உண்டு என்று கணக்குக் காட்டுகிறார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறுவது கடினம், இறங்குவதோ ஆபத்து. கதவின் திறப்பு 90 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்; கழிப்பறைக்குள் நாற்காலி திரும்ப 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும்.

தண்டுவடப் பாதிப்பு உடையவர்க்குக் கழிப்பறை என்பது வசதி அன்று. சிகிச்சையின் ஒரு பகுதி. அவர்களில் பலர் 4 முதல் 6 மணி நேரத்திற்கு ஒருமுறை குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டியவர்கள். தூய்மையான, தாழிடத்தக்க கழிப்பறை பணியிடத்தில் இல்லையெனில், அவர்கள் நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். விளைவு சிறுநீர்த் தொற்று, பின்னர் சிறுநீரகப் பாதிப்பு. அதேபோல் நெடுநேரம் ஒரே நிலையில் அமர்வது படுக்கைப்புண்ணை உண்டாக்கும். மெத்தை இருக்கையும், அரை மணிக்கு ஒருமுறை உடலைச் சற்று உயர்த்தி எடை மாற்றிக்கொள்ளும் பழக்கமும் கட்டாயம். இவற்றை மேலதிகாரிக்கு விளக்குவதற்கு நோயாளி நாணுவது இயல்பே. அந்த விளக்கத்தை மருத்துவரின் கடிதம் ஏற்றுக்கொள்ளட்டும்.

பக்கவாதத்திற்குப் பின் பணிக்குத் திரும்புபவரைப் பெரிதும் வாட்டுவது கண்ணுக்குத் தெரியாத களைப்பு. முதல் சில வாரங்கள் நாளுக்கு இரண்டு வகுப்பு, பின்னர் மூன்று எனப் படிப்படியாக உயர்த்துவது நல்லது. வலக்கை தளர்ந்தவர்க்கு இடக்கைச் சுட்டெலியும், கரும்பலகைக்கு மாற்றாகத் திரையும், விடைத்தாள் மதிப்பெண்ணைச் சொல்லச்சொல்ல எழுத ஓர் உதவியாளரும் போதும். பேச்சு குழறுபவர் வகுப்பெடுக்க இயலாத காலத்தில், வினாத்தாள் அமைத்தல், ஆய்வு வழிகாட்டல், நூலகப் பணி ஆகியவற்றில் ஈடுபடலாம். தேர்வறைக் கண்காணிப்பு 3 மணி நேரம் நடந்துகொண்டே செய்ய வேண்டிய பணி. அதற்கு மாற்றாக இருக்கை வரிசை அமைக்கும் பணியையோ, விடைத்தாள் கணக்கிடும் பணியையோ கேட்கலாம்.

பார்வை குறைந்த அலுவலகப் பணியாளர்க்குத் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் மென்பொருள் பெருந்துணை. என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. ஆனால் நம் அலுவலகங்களில் ஒரு சிக்கல் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். மென்பொருளுக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே புலப்படும். யுனிகோடு முறையைத் தமிழக அரசு 2010-ஆம் ஆண்டிலேயே தரமாக ஏற்றுள்ளது. எனவே, "சுற்றறிக்கைகளை யுனிகோடில் அனுப்புங்கள், படமாக வருடி அனுப்ப வேண்டாம்" என்று கேட்பது நியாயமான கோரிக்கை. ஒரு ரூபாய் செலவின்றி ஒருவரின் பணி மீண்டும் அவர் கைக்கு வந்துவிடும்.

செவித்திறன் குறைந்தவர்க்குக் கூட்டத்தின் முடிவுகளை எழுத்தில் தருவதும், பேசுவோர் முகம் தெரியும்படி இருக்கை அமைப்பதும் உதவும். பார்க்கின்சன் நோய் உடையவர்க்கு மருந்தின் வேகம் உள்ள நேரத்தில் உடல் இணங்கும். வேகம் குறையும்போது இறுகும். வகுப்புகளை அந்த நேரக் கணக்குடன் ஒட்டி அமைக்கலாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உடையவர்க்கு வெப்பம் மிகும்போது தளர்ச்சியும் மிகும். நம் ஊர்க் கோடையில் அவர்க்குக் காற்றோட்டமுள்ள குளிர்ந்த அறை தேவை. மனநலச் சிகிச்சையில் இருப்போர்க்கு இரவு மருந்தின் மயக்கம் காலையில் நீடிக்கலாம். இரண்டு சுழற்சிகளாக இயங்கும் கல்லூரிகளில், பிற்பகல் சுழற்சிக்கு மாற்றினாலே அவர் இயல்பாகப் பணிபுரிவார்.

பௌர்ணமியும் தீபமும்

திருவண்ணாமலைக்கென்று ஒரு தனித் தேவையும் உண்டு. ஒவ்வொரு பௌர்ணமியிலும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மக்கள் வெள்ளமாகிறது. கார்த்திகைத் தீபத்தின்போது நகரம் முழுவதுமே நிறைந்துவிடுகிறது. பேருந்துகள் ஊர் எல்லையிலுள்ள தற்காலிக நிலையங்களோடு நின்றுவிடும். வாகனங்கள் வேறு வழியில் திருப்பப்படும். நடக்க இயல்பவர்க்கு அது சிறு அலைச்சல். ஊன்றுகோலுடனோ, மூன்று சக்கர வண்டியிலோ வருபவர்க்கு அன்று கல்லூரியை அடைவதே இயலாமல் போகலாம்.

பௌர்ணமி எந்த நாளில் வரும் என்பது ஆண்டின் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் தெரிந்துவிடுகிறது. எனவே அந்நாள்களை முன்கூட்டியே குறித்துக் கொடுத்து, வேலை நேரத்தை மாற்றுதல், வீட்டிலிருந்து செய்யத்தக்க பணியைத் தருதல், வகுப்பை வேறொரு நாளுக்குப் பரிமாறிக்கொள்ளுதல் ஆகியவற்றைக் கேட்கலாம். விடைத்தாள் மதிப்பீட்டு முகாமுக்காக வெளியூர் செல்ல நேரும்போதும் இவ்வாறே முன்னதாக எழுதுங்கள்.

மருத்துவரிடம் என்ன கேட்டுப் பெற வேண்டும்?

இங்கே எங்கள் பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்கிறோம். 'இலகுவான வேலை தரவும்' என்னும் ஒற்றை வரியை எழுதி அனுப்பும் பழக்கம் மருத்துவர்களிடம் உண்டு. அலுவலகம் அதைப் படித்தால் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளலாம்: ஒன்று, இவருக்கு எந்த வேலையும் தர வேண்டாம், மற்றொன்று, இவர் வேலைக்குத் தகுதியற்றவர். இரண்டுமே நோயாளிக்குத் தீங்கு.

ஆகவே சான்றிதழில் மூன்று செய்திகள் இடம்பெறுமாறு கேளுங்கள். நோயாளியால் என்ன செய்ய இயலும் என்பது முதலில் வரட்டும்: "உட்கார்ந்து 4 மணி நேரம் பணிபுரிய இயலும், கணினியை இடக்கையால் இயக்க இயலும்" என்பது போல. எது இயலாது என்பது அடுத்து: "படியேறுதல், 5 கிலோவுக்கு மேல் தூக்குதல் கூடாது." எந்த வசதி, எவ்வளவு காலத்திற்குத் தேவை, மறு மதிப்பீடு எப்போது என்பது இறுதியில். நோயின் பெயரையும் முழு வரலாற்றையும் அலுவலகத்தில் எல்லோரும் அறிய வேண்டிய தேவை இல்லை. செயல்திறனைப் பற்றிய விவரம் பெரும்பாலும் போதும்.

பாதிப்பு நிலைபெற்றது என்று மருத்துவர் கருதும்போது, யு.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்தால், அரசு மருத்துவமனையில் மதிப்பீடு நடைபெறும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இதற்கு வழிகாட்டும்.

கோரிக்கையை எழுதுவது எப்படி?

வாய்மொழியாகக் கேட்பது நட்புக்கு நல்லது, உரிமைக்குப் போதாது. கீழ்க்காணும் வடிவில் ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்.

"எனக்கு இன்ன தேதி முதல் இன்ன பாதிப்பு ஏற்பட்டு, சிகிச்சைக்குப் பின் பணிக்குத் திரும்புகிறேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, கீழ்க்காணும் வசதிகளைச் செய்துதருமாறு கேட்டுக்கொள்கிறேன். மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். இவை குறித்துக் கலந்துபேச நேரம் ஒதுக்க வேண்டுகிறேன்."

வசதிகளை 1, 2, 3 என எண்ணிட்டு, எது உடனடித் தேவை, எதற்குக் காத்திருக்கலாம் என்று பிரித்து எழுதுங்கள். ஒரு படியில் ஒப்புகை பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி வராவிட்டால், சட்டத்தின் 23-ஆம் பிரிவு துணைநிற்கும். ஒவ்வொரு அரசு நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். புகார் பதிவான இரண்டு வாரங்களுக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அதில் நிறைவு இல்லையெனில் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். அடுத்து, சென்னையிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். திங்கள்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு அளிக்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையே என்று தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, மாற்றுத்திறனாளி ஒருவர் வருமான வரம்பு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். விலகல் கடிதத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்களும் தாமதமின்றி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பகவான் தாஸின் வழக்கு உங்களுக்கும் ஒரு கதவு.

குடும்பத்தார்க்கு

அன்பின் மிகுதியால் நீங்கள் சொல்லும் ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறோம். "போதும், இனி வீட்டில் இருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது ஆறுதல் போல் ஒலிக்கும். ஆனால் அதைக் கேட்பவர் உள்ளத்தில், "இனி நான் எதற்கும் பயன்படேன்" என்று அது மாறிப் பதிந்துவிடுவதுண்டு. பக்கவாதத்திற்குப் பின் மனச்சோர்வு ஏற்படுவது மிகவும் சாதாரணம். அதற்குச் சிகிச்சையும் உண்டு. வேலையை விடுவதா, தொடர்வதா என்னும் முடிவை அந்தச் சோர்வின் நடுவில் எடுக்கவும் வேண்டாம், எடுக்க வைக்கவும் வேண்டாம்.

மறுபுறம், எல்லோரும் திரும்பியே ஆக வேண்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. உடல்நிலை உண்மையிலேயே இடம் தராதபோது ஓய்வு பெறுவது தோல்வி ஆகாது. அந்த முடிவு, சிகிச்சையின் பயனை முழுவதும் கண்டபின், சட்டம் தரும் வாய்ப்புகளை அறிந்தபின், நோயாளியே தெளிந்த மனத்துடன் எடுத்ததாக இருக்கட்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது மருந்துச் சீட்டோடு, உங்கள் பணியின் அன்றாட வேலைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எத்தனை மணிக்குச் செல்வீர்கள், எத்தனை படி ஏறுவீர்கள், எவ்வளவு நேரம் நிற்பீர்கள், எதைத் தூக்குவீர்கள் என்று அனைத்தையும் எழுதுங்கள். மருத்துவர், இயன்முறை மருத்துவர், செயல்முறை மருத்துவர் மூவரும் அதைப் படித்து, எவை இயலும், எவற்றை மாற்ற வேண்டும் என்று உங்களுடன் அமர்ந்து குறிப்போம். அந்தத் தாளே உங்கள் கோரிக்கைக் கடிதத்தின் முதல் வரைவாகும். அதுவரை எந்த விலகல் கடிதத்திலும் கையெழுத்திட வேண்டாம்.